செங்காகுஜி: டோக்கியோவில் 47 ரோனின்களின் சமாதிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டோக்கியோ போகிறவர்களின் பட்டியலில் அசகுசா கோயிலும் ஷிபுயா நாற்சந்தியும் கட்டாயம் இருக்கும். செங்காகுஜி பெரும்பாலும் இருக்காது. சாமுராய் வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள், ‘47 ரோனின்’ என்று எங்கோ கேள்விப்பட்டவர்கள்தான் அதைப் பற்றி விசாரிப்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கான பதில்கள் இவை.

செங்காகுஜி எந்த மாதிரிக் கோயில்?

ஜென் பௌத்தத்தின் சோட்டோ பிரிவைச் சேர்ந்த கோயில். மூலவர் சாக்கியமுனி புத்தர். 1612இல் தொகுகாவா இயேயாசு இதை எடோ கோட்டைக்குப் பக்கத்தில் கட்டினார். எடோ என்பது டோக்கியோவின் பழைய பெயர், இயேயாசு தொகுகாவா ஷோகன்களில் முதல்வர். ஷோகன் என்றால் பேரரசரின் பெயரால் நாட்டை உண்மையில் ஆண்ட ராணுவத் தலைவர். சின்ன வயதில் இயேயாசு பணயக்கைதியாக இருந்தது இமாகாவா குடும்பத்திடம். அந்தக் குடும்பத்தின் தலைவர் இமாகாவா யோஷிமோட்டோவின் நினைவாகவே கோயில் எழுந்தது என்பார்கள். 1641இல் எடோவைப் பிடித்த தீயில் அது எரிந்துபோனது. மூன்றாவது ஷோகன் இயேமித்சு, இப்போது இருக்கும் தகனாவா பகுதியில் அதை மறுபடி கட்டச் சொன்னார். வேலையை ஐந்து சிற்றரசர் குடும்பங்களின் தலையில் கட்டினார். அதில் ஒன்று அசானோ குடும்பம். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கோயில் அசானோக்களின் குடும்பக் கோயிலாக ஆனதால்தான் பின்னால் நடந்த எல்லாமே இங்கே வந்து முடிந்தது.

47 ரோனின் கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முயன்று பார்க்கலாம். ரோனின் என்றால் எஜமானை இழந்த சாமுராய்.

1701, ஏப்ரல் 21. கியோட்டோவிலிருந்து பேரரசரின் தூதர்கள் எடோ கோட்டைக்கு வந்திருந்தார்கள். அவர்களை உபசரிக்கும் பொறுப்பு அக்கோ என்ற சிறு நாட்டின் அதிபர் அசானோ நாகனோரிக்கு. சடங்கு முறைகளைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் கிரா யோஷிநாகா என்ற அரண்மனை அதிகாரி, அறுபது வயதுக்காரர். கோட்டையின் ‘பைன் தாழ்வாரத்தில்’ அசானோ திடீரென்று குறுவாளை உருவி கிராவை வெட்டினார். நெற்றியிலும் முதுகிலும் காயம், உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் ஷோகனின் கோட்டைக்குள் வாளை உருவுவதே மரண தண்டனைக் குற்றம். அன்று மாலையே அசானோவை ஸெப்புக்கு செய்துகொள்ளச் சொன்னார்கள், அதாவது வயிற்றைக் கிழித்து உயிரை விடும் தண்டனை. அவருடைய நாடும் பறிபோனது. சுமார் 300 சாமுராய்கள் ஒரே நாளில் வேலையும் சம்பளமும் இல்லாதவர்கள் ஆனார்கள்.

கிராவுக்கு ஒரு தண்டனையும் இல்லை. சிக்கல் அங்கேதான் தொடங்கியது. சண்டை என்று வந்தால் இரு தரப்புக்கும் தண்டனை என்பது சாமுராய்களிடையே இருந்த பழைய வழக்கம்.

அசானோவின் திவான் ஓயிஷி குரானோசுகே. அவர் உடனே வாளைத் தூக்கவில்லை. கோட்டையை அமைதியாக ஒப்படைத்தார். அசானோவின் தம்பி டைகாகுவை வைத்துக் குடும்பத்தை மீண்டும் நிலைநிறுத்த முடியுமா என்று ஒரு வருடத்துக்கு மேல் மனுப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த நாட்களில் கியோட்டோவின் கேளிக்கை வீதிகளில் குடித்துத் திரிந்தார், எதிரி அசந்துபோக வேண்டும் என்பதற்காக என்று சொல்வார்கள். (குடியும் உண்மையாகவே பிடித்திருந்ததோ என்னவோ.) 1702 கோடையில் டைகாகுவை ஹிரோஷிமாவில் உறவினர் பொறுப்பில் விட்டபோது அந்த வழியும் மூடியது. அதன் பிறகுதான் தாக்குதல் உறுதியானது.

1703 ஜனவரி 31, விடியலுக்கு முன். 47 பேர் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். முன்வாசலில் ஓயிஷி, பின்வாசலில் அவர் மகன் சிகாரா. கிராவின் மாளிகையில் காவலர்கள் பலர் செத்தார்கள், தாக்கியவர்களில் ஒருவரும் சாகவில்லை. கரி வைக்கும் கொட்டகையில் ஒளிந்திருந்த கிழவரைக் கண்டுபிடித்தார்கள். பழைய வெட்டுக் காயத்தை வைத்து அவர்தான் கிரா என்று உறுதிசெய்துகொண்டு, தலையை வெட்டி எடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு சுமாராகப் பத்து கிலோமீட்டர் நகரத்தின் ஊடே நடந்து செங்காகுஜிக்கு வந்தார்கள். கிணற்றில் தலையைக் கழுவி எஜமானின் சமாதி முன்னால் வைத்தார்கள். வழியிலேயே இரண்டு பேரை அனுப்பி, தாங்கள் செய்ததை அதிகாரியிடம் தெரிவித்தும்விட்டார்கள். தப்பி ஓடும் எண்ணம் இருக்கவில்லை.

அசானோ ஏன் கிராவை வெட்டினார்?

நாடகங்களில் பதில் சுலபம்: கிரா லஞ்சம் எதிர்பார்த்தார், கிடைக்காததால் அவமானப்படுத்தினார். அசானோவை ஓடிவந்து பிடித்துக்கொண்ட அதிகாரி கஜிகாவா, அவர் ஏதோ மனக்குறையைச் சொல்லிக் கத்தியதாக எழுதி வைத்திருக்கிறார். என்ன குறை என்பதை அசானோ சொல்லாமலே செத்துப்போனார். விசாரணையும் முழுதாக நடக்கவில்லை, காலையில் குற்றம், மாலையில் தண்டனை. ஷோகனாக இருந்தவர் தொகுகாவா த்சுனயோஷி. தெருநாயைக் கொன்றவர்களைக்கூடக் கடுமையாகத் தண்டித்ததால் ‘நாய் ஷோகன்’ என்று பெயர் வாங்கியவர்.

47 பேரும் இங்கேதான் புதைக்கப்பட்டிருக்கிறார்களா?

கிட்டத்தட்ட. கணக்கு கொஞ்சம் குழப்பமானது.

சரணடைந்தவர்கள் 46 பேர். அவர்களை நான்கு பிரபுக்களின் மாளிகைகளில் பிரித்து வைத்தார்கள்: ஹொசொகாவா வீட்டில் 17, மத்சுடைரா வீட்டில் 10, மோரி வீட்டில் 10, மிஸுனோ வீட்டில் 9. 1703 மார்ச் 20 அன்று நான்கு இடங்களிலும் ஸெப்புக்கு நடந்தது. அன்றைக்கே கிட்டத்தட்ட எல்லா உடல்களையும் இங்கே கொண்டுவந்து எஜமானின் சமாதிக்கு அருகில் அடக்கம் செய்தார்கள். எந்த வீட்டில் இறந்தார்களோ அந்த வரிசையிலேயே கற்கள் நிற்கின்றன. ஓயிஷிக்கும் மகனுக்கும் மட்டும் சமாதிக்கு மேல் சிறு கூரை உண்டு. அப்பா ஹொசொகாவா வீட்டில், மகன் மத்சுடைரா வீட்டில் இறந்தவர்கள். அதனால் இங்கேயும் இருவரும் தள்ளித்தான் இருக்கிறார்கள். சிகாராவுக்கு வயது ஜப்பானியப் பழைய கணக்கில் 16. கூட்டத்திலேயே மூத்தவரான ஹொரிபே யாஹெய்க்கு எழுபதைத் தாண்டி இருந்தது.

47ஆவது ஆள் தெராசாகா கிச்சியெமோன், காலாட்படை வீரர். தாக்குதலுக்குப் பிறகு அவர் கூட்டத்தில் இல்லை. செய்தி சொல்ல ஓயிஷியே அனுப்பினாரா, அவராகவே விலகினாரா என்று இன்றுவரை சண்டை போடுகிறார்கள். எப்படியோ, 1747 வரை வாழ்ந்து எண்பது தாண்டிப் போனார். அவரது உடல் இருப்பது அஸாபு பகுதியில் வேறொரு கோயிலில், இங்கே இருப்பது நினைவுக் கல். இன்னொரு நினைவுக் கல் கயானோ சன்பெய் என்பவருக்கு. குடும்பத்தார் வேறு இடத்தில் வேலைக்குச் சேரச் சொல்லி வற்புறுத்த, அப்பாவுக்கும் எஜமானுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு தாக்குதலுக்கு முன்பே தன் உயிரை விட்டவர். ஆகவே நீங்கள் எண்ணினால் 48 வரும், தப்பாக எண்ணிவிட்டோமோ என்று மறுபடி எண்ண வேண்டாம்.

இறந்த பின் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வைத்த பௌத்தப் பெயரில் ‘வாள்முனை’, ‘வாள்’ என்று பொருள்படும் இரண்டு எழுத்துகள் வரும். ஜப்பானியர்கள் எழுதும் ‘கான்ஜி’ என்ற சீன எழுத்து கொஞ்சம் தெரிந்தவர்கள் கல்லுக்குக் கல் அதைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

அங்கே இருப்பதெல்லாம் அந்தக் காலத்தவைதானா?

இல்லை. இதை முன்பே தெரிந்துகொண்டு போவது நல்லது. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் பிரதான மண்டபம் எரிந்துவிட்டது. இப்போது நிற்பது 1953இல் கட்டி முடித்தது. தெருவை ஒட்டிய நடுவாசல் 1836இலும், உள்ளே இருக்கும் பெரிய வாசலான சன்மோன் 1832இலும் எழுப்பப்பட்டவை. ஓயிஷியின் வெண்கலச் சிலை இருபதாம் நூற்றாண்டில் வைத்தது. கூட்டாளிகளின் கையொப்பச் சுருளைக் கையில் பிடித்துக்கொண்டு எடோ இருந்த திசையை முறைத்துப் பார்ப்பது போல் நிற்பார்.

பழமை என்றால் சமாதிகள்தான். 1922இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்ததும் அவற்றைத்தான். சமாதிப் பகுதிக்குள் நுழையும் வாயிலும் பழையது, அசானோவின் எடோ மாளிகையில் பின்வாசலாக இருந்ததைப் பெயர்த்துக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்கள்.

எந்த வரிசையில் பார்ப்பது?

நடுவாசலில் நுழைந்தால் சன்மோன் வரை நினைவுப் பொருள் கடைகள். சன்மோனின் கீழே நின்று மேலே பார்க்க மறக்காதீர்கள், கூரையில் சுருண்டு கிடக்கும் உலோக டிராகன் ஒன்று இருக்கிறது. நேரே பிரதான மண்டபம். அங்கே கும்பிட்டுவிட்டு இடப்பக்கம் சமாதிகளை நோக்கி நடக்க வேண்டும்.

வழியில் ஒரு பிளம் மரமும் கல்லும் இருக்கும். அசானோ உயிரை விட்டபோது அவருடைய ரத்தம் தெறித்தவை என்று சொல்லி, அவர் இறந்த மாளிகையின் தோட்டத்திலிருந்து கொண்டுவந்தவை. நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். அடுத்து கிராவின் தலையைக் கழுவிய கிணறு. அதைச் சுற்றியுள்ள கல்வேலியில் கவாகாமி ஒதோஜிரோ என்ற பெயர் வெட்டியிருக்கிறது, மெய்ஜி காலத்துப் (1868–1912) பிரபல நாடக நடிகர். உபயதாரர் பெயரைக் கல்லில் வெட்டுவது நம் ஊர் டியூப்லைட்டோடு நிற்கும் பழக்கம் இல்லை போலும்.

அதைத் தாண்டிப் படி ஏறினால் சமாதிகள். அசானோவும் அவர் மனைவியும் ஒரு பக்கம், வீரர்கள் தனியாக. பலர் நேரே ரோனின்களிடம் போய்விடுகிறார்கள். முதலில் அசானோவைப் பார்த்துவிட்டுப் போனால் அவர்கள் யாருக்குப் பக்கத்தில் கிடக்க விரும்பினார்கள் என்பது இடத்தைப் பார்த்தே புரியும்.

சமாதியில் எப்படிக் கும்பிடுவது? பௌத்தர் அல்லாதவர்கள் செய்யலாமா?

தாராளமாகச் செய்யலாம். வாசலில் சில நூறு யென்னுக்கு ஊதுபத்திக் கட்டு கிடைக்கும், பற்றவைத்தே கொடுப்பார்கள். அதை வைத்திருக்கும் தட்டோடு உள்ளே போய், ஒவ்வொரு சமாதி முன்னாலும் ஒன்றிரண்டு குச்சிகளை வைத்து, கைகூப்பித் தலைகுனிந்து நகர வேண்டும். கட்டு 47 பேருக்கும் போதுமா என்று முதல் வரிசையிலேயே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கடைசி வரிசைக்காரர்களுக்கு வெறும் கும்பிடுதான் மிஞ்சும்.

கை தட்ட வேண்டாம். இரண்டு முறை தட்டிக் கும்பிடுவது ஜப்பானின் சொந்த மதமான ஷிண்டோவின் ஆலயங்களில் உள்ள முறை. இது பௌத்தக் கோயில், சத்தமில்லாமல் கைகூப்பினால் போதும். செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை, எல்லாம் திறந்தவெளி. மண்டபத்துக்குள் ஏறினால் மட்டும் அங்குள்ளவர்கள் செய்வதைப் பார்த்துச் செய்யுங்கள். கற்களில் சாய்வது, மேலே பை வைப்பது, வாளை வீசுவதுபோல் நின்று படம் எடுப்பது எல்லாம் வேண்டாம். சுற்றுலாத்தலம் போலத் தோன்றினாலும் தினமும் யாராவது உண்மையாகவே அஞ்சலி செலுத்த வரும் இடம் அது.

படம் எடுக்கலாமா?

வெளியில் எடுக்கலாம். அருங்காட்சியகத்துக்குள் கூடாது. சமாதி முன்னால் கும்பிட்டுக்கொண்டிருப்பவர்களை எடுக்காமல் இருப்பது மரியாதை.

அருங்காட்சியகத்துக்குக் காசு கொடுத்துப் போகலாமா?

கோயிலுக்குள் போவது இலவசம். அருங்காட்சியகத்துக்குப் பெரியவர்களுக்கு 500 யென். சின்னதுதான், ஆனால் ஒரே ஒரு காகிதத்துக்காகவே போகலாம் என்பேன். அது கிராவின் தலைக்கான ரசீது.

ரோனின்கள் போன பிறகு தலை கோயிலில் இருந்தது. இரண்டு துறவிகள் அதைக் கிராவின் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒப்படைத்தார்கள். பெற்றுக்கொண்ட கிரா வீட்டு ஊழியர்கள் இருவர் ‘தலை ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். எடோ காலத்து அலுவலகப் பழக்கம் எதையும் விடவில்லை. நாடகங்களும் சிலைகளும் அந்த இரவைப் பெரிய காவியமாக்கி வைத்திருக்கின்றன. இந்த ரசீதைப் படிக்கும்போதுதான், ஒரு வீட்டில் ஒரு முதியவரைக் கொன்று தலையை எடுத்துக்கொண்டு போனார்கள் என்பது உறைக்கிறது.

அதே சீட்டில் பக்கத்துக் கட்டடத்தையும் பார்க்கலாம், 47 பேரின் மரச்சிலைகள் அங்கே இருக்கின்றன.

இவர்களை ஜப்பானியர்கள் எல்லோருமே வீரர்களாகத்தான் பார்க்கிறார்களா?

பெரும்பான்மையோர் ஆம். 1748இல் ஒசாகாவில் பொம்மலாட்டமாக அரங்கேறிய ‘கனதெஹோன் சூஷிங்குரா’ இவர்களை அழியாப் புகழ் பெறச் செய்தது. அரசாங்கத்துக்குப் பயந்து கதையை 14ஆம் நூற்றாண்டுக்குத் தள்ளிப் பெயர்களை மாற்றியிருந்தார்கள், யாரைச் சொல்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. 1868இல் மெய்ஜி பேரரசர் டோக்கியோவுக்கு வந்ததும் இங்கே தூதர் அனுப்பி ஓயிஷியைப் பாராட்டினார்.

ஆனால் அந்தக் காலத்திலேயே எதிர்ப்பும் இருந்தது. எஜமானைக் கொன்றது கிரா இல்லை, சட்டம். அப்படியிருக்க கிராவைப் பழிவாங்குவது எப்படி நியாயம் என்று கேட்டார் கன்ஃபூசிய அறிஞர் சாதோ நாவோகாதா. ஓக்யூ சோராய் என்ற அறிஞர், அவர்கள் செய்தது சட்டமீறல், ஆனால் நோக்கம் விசுவாசம், ஆகவே குற்றவாளிகளாகத் தலையை வெட்டாமல் மரியாதையோடு ஸெப்புக்குவுக்கு அனுமதிக்கலாம் என்றார். முடிவும் அப்படியே ஆனது. சாகா நாட்டு சாமுராய் யமாமோட்டோ த்சுனெடோமோவின் குறை நேர் எதிரானது: ஏன் இவ்வளவு நாள் காத்திருந்தார்கள், நடுவில் கிரா நோய் வந்து செத்திருந்தால் என்ன செய்திருப்பார்கள், பழி முடிந்ததும் செங்காகுஜியிலேயே ஏன் வயிற்றைக் கிழித்துக்கொள்ளவில்லை? அவர் பேச்சைத் தொகுத்த ‘ஹகாகுரே’யில் இது இருக்கிறது.

கிராவின் சொந்த நிலம் இன்றைய ஐச்சி மாகாணத்தின் நிஷியோ நகரில் இருக்கிறது. அங்கே அவர் வில்லன் இல்லை. வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டிக் கொடுத்த நல்ல பிரபு என்றுதான் இன்றைக்கும் பேசுகிறார்கள். எனக்கு இந்தக் கதையில் பிடித்ததே, ஒரு பக்கம் நின்று மட்டும் சொல்ல முடியாததுதான்.

டிசம்பர் 14 அன்று போகலாமா?

கூட்டம் பிடிக்கும் என்றால் கட்டாயம். தாக்குதல் நடந்தது பழைய சந்திரக் கணக்கில் பன்னிரண்டாம் மாதம் 14ஆம் நாள் இரவு. கிரிகோரியக் கணக்கில் அது ஜனவரிக் கடைசி. நாட்காட்டி மாறிய பிறகும் ‘14’ என்ற எண்ணை விடாமல் டிசம்பர் 14இலேயே விழா நடத்துகிறார்கள். ரோனின் வேடமிட்டவர்கள் ஊர்வலமாக வருவார்கள், தெருவெல்லாம் தின்பண்டக் கடைகள், சமாதிப் பகுதி ஊதுபத்திப் புகையில் மூச்சு முட்டும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று தவிர்க்கலாம். ஏப்ரல் முதல் வாரத்திலும் விழா உண்டு, அது கொஞ்சம் அமைதியானது. நிதானமாகப் பார்க்க விரும்பினால் சாதாரண நாளில் காலையில் போங்கள்.

காஞ்சிபுரத்துப் போதிதர்மருக்கும் இந்தக் கோயிலுக்கும் சம்பந்தம் உண்டா?

நேரடியாக இல்லை. ஆனால் ஜென் மரபு முழுவதும் போதிதர்மரைத்தான் சீனாவுக்கு ஜென்னைக் கொண்டுவந்த முதல் ஆசானாகச் சொல்கிறது. சோட்டோவும் அந்த வரிசையில் வந்தது, அதை 13ஆம் நூற்றாண்டில் ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர் டோகென். போதிதர்மர் தென்னிந்திய அரசர் ஒருவரின் மூன்றாவது மகன் என்று பழைய சீனக் குறிப்பு ஒன்று சொல்கிறது. அதைவிடப் பழைய இன்னொரு குறிப்போ அவரைப் பாரசீகத்துக்காரர் என்கிறது. காஞ்சி, பல்லவர் என்பதெல்லாம் பிற்கால மரபு.

இந்தியத் தொடர்பு வேண்டும் என்றால் ஓயிஷியிடமே இருக்கிறது. அவர் தன் காவல் தெய்வமாக உடலோடு வைத்திருந்ததாகச் சொல்லப்படும் மாரிஷிதென் சிலை இந்தக் கோயிலில்தான் உள்ளது. மாரீசி என்ற இந்திய பௌத்த தெய்வம்தான் ஜப்பான் போய் சாமுராய்களின் தெய்வமானது. சிலையை எப்போதும் திறந்து வைப்பதில்லை.

எப்படிப் போவது? எத்தனை மணி வரை?

நிலையத்தின் பெயரே செங்காகுஜி. தொஎய் அசகுசா சுரங்க ரயிலும் கெய்க்யூ ரயிலும் அங்கே சந்திக்கின்றன. ஏ2 வாசல் வழியாக வெளியே வந்து மேட்டில் ஏறினால் ஓரிரு நிமிடம். ஹனேதா விமான நிலையத்திலிருந்து மாறாமலே வரும் ரயில்கள் உண்டு, அரை மணிக்குள் வந்துவிடலாம். விமானம் மாற ஆறேழு மணி நேரம் இருந்தால்கூட இது சாத்தியம். ஜேஆர் யமனோதே ரயிலில் வருகிறவர்கள் தகனாவா கேட்வே நிலையத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்கலாம்.

வாசல் காலை 7 மணிக்குத் திறக்கும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாலை 6 மணிக்கும், மற்ற மாதங்களில் 5 மணிக்கும் மூடும். அருங்காட்சியகம் 9 மணிக்குத்தான் திறக்கும், மாலையில் கோயிலுக்கு முன்பே மூடிவிடும். ஒரு மணி நேரம் தாராளமாகப் போதும்.

குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிப் போகலாமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா?

சமாதிகளுக்குப் போகும் வழியில் படிகள் உண்டு, முழங்கால் வலிக்காரர்கள் மெதுவாக ஏற வேண்டும். குழந்தைகளுக்குக் கதையை எவ்வளவு சொல்வது என்று போகும் முன்பே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கிணற்றுக்கு முன்னால் நின்று ‘இங்கே என்ன கழுவினார்கள்?’ என்ற கேள்வி நிச்சயம் வரும்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் அருகில் தேடி அலையாமல், சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது. ஜப்பானில் காய்கறி சூப்பிலும் மீன் சாறு கலந்திருக்கும். ஒரே நிலையம் தள்ளி ஷினகாவா, அங்கே கடைகள் அதிகம்.

பக்கத்தில் இதோடு சேர்த்துப் பார்க்க என்ன இருக்கிறது?

ஓயிஷியும் 16 பேரும் இறந்த ஹொசொகாவா மாளிகையின் இடம் நடக்கும் தூரத்தில் தகனாவாவிலேயே இருக்கிறது. வேலி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள், வெளியிலிருந்து பார்க்கலாம். பிறகு ரயிலேறி ர்யோகோகு போனால் கிராவின் மாளிகை இருந்த இடத்தில் வெள்ளையும் கருப்புமான சுவர் சூழ்ந்த குட்டிப் பூங்கா ஒன்று இருக்கும். பெரிய மாளிகையில் மிஞ்சியது அந்தத் துண்டு மட்டும்தான். அங்கேயும் தலையைக் கழுவியதாக ஒரு கிணறு காட்டுகிறார்கள். நடக்க விருப்பமுள்ளவர்கள் அங்கே தொடங்கி, எய்தாய் பாலம் வழியாக ரோனின்கள் வந்த திசையிலேயே செங்காகுஜிக்கு நடந்து வரலாம். இன்றைய வழி முழுக்க அலுவலகக் கட்டடங்கள்தான், நல்ல காலணி வேண்டும், மூன்று மணி நேரமாவது ஒதுக்க வேண்டும்.